விளாவிய வெந்நீர் தேடி: காரைக்குடியிலிருந்து இமயத்து ஊற்றுகளுக்கு

“வெந்நீர் குளிக்க எதுக்குடி ஆத்தா டெல்லியத் தாண்டிப் போகணும்? பின்கட்டு அண்டாவுல கிடக்குதே!”

காரைக்குடி வீட்டில் முதன்முதலாக முதுகுப்பை கட்டிக்கொண்டிருந்தபோது அப்பத்தா கேட்ட கேள்வி இது. நியாயமான கேள்விதான். ஆனால் அந்த அண்டாவிலேயே இந்தப் பயணத்துக்கான பாடம் பாதி இருக்கிறது. கொதிக்கிற தண்ணீரை யாரும் அப்படியே மேலுக்கு ஊற்றிக்கொள்வதில்லை. ஒரு செம்பு கொதிநீர், இரண்டு செம்பு பச்சைத் தண்ணீர், கையை விட்டுப் பார்த்து இன்னும் கொஞ்சம் என்று பதமாக விளாவுவோம். மலையில் பூமி தண்ணீரைக் கொதிக்க வைத்துத் தருகிறது, ஆனால் விளாவித் தருவதில்லை. எந்தத் தொட்டி விளாவியது, எது விளாவாதது என்று பார்த்துக் காலை வைக்கத் தெரிந்தால் போதும். மற்றதெல்லாம் ரயில் டிக்கெட், செருப்பு, சட்டை சமாச்சாரம்.

செட்டிநாட்டில் சொல்லிக்கொள்ளும்படி மலையும் இல்லை, வெந்நீர் ஊற்றும் இல்லை. கடல் தாண்டிக் கொண்டுவிற்க, அதாவது வியாபாரம் செய்யப் போன தாத்தாக்கள் உள்ள வீடுகளில் இலங்கைத் திருகோணமலையின் கன்னியா வெந்நீர்க் கிணறுகளைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். ஏழு சின்னச் சதுரக் கிணறுகள், ஒவ்வொன்றிலும் ஒரு சூடு, வாளியில் மொண்டு ஊற்றிக்கொள்ள வேண்டியதுதான். இமயத்தில் அப்படி இல்லை. கழுத்துவரை இறங்கி உட்காரலாம். எதிரே பனி மூடிய சிகரம் தெரியும். அதற்காகத்தான் இவ்வளவு தூரம்.

எந்த ஊற்று?

இந்தியாவில் முந்நூறுக்கும் மேற்பட்ட வெந்நீர் ஊற்றுகள் கணக்கெடுக்கப்பட்டிருக்கின்றன. அவற்றில் பெயர் பெற்றவை பல இமயத்தில்தான் உள்ளன. அங்கே எரிமலை இருக்கிறதா என்று கேட்பார்கள். இல்லை. மழைநீரும் பனி உருகிய நீரும் பாறைப் பிளவுகள் வழியே ஆழத்துக்கு இறங்குகின்றன. பூமிக்குள் ஒரு கிலோமீட்டர் இறங்கினால் சுமார் 25, 30 டிகிரி சூடு கூடும். அங்கே காய்ந்த நீர் இன்னொரு பிளவு வழியே விறுவிறுவென்று மேலே ஏறி, ஆறும் நேரமில்லாமல் வெளியே வந்துவிடுகிறது. வரும்போது பாறையில் உள்ள உப்புகளையும் சில இடங்களில் கந்தகத்தையும் கரைத்து எடுத்துக்கொண்டு வருகிறது.

முதல் தடவை போகிறவருக்கு நான் சொல்வது இமாசலப் பிரதேசத்தின் குல்லு மாவட்டம். ஒரே பயணத்தில் மூன்று ஊற்றுகள், மூன்றும் மூன்று விதம். மணிகரண் பார்க்க, கீர்கங்கா நடக்க, வசிஷ்ட் சும்மா ஊறிக் கிடக்க.

உத்தரகண்டில் பத்ரிநாத் கோயில் வாசலில் தப்த குண்டம் இருக்கிறது. யமுனோத்ரியில் சூரிய குண்டத்தில் அரிசியும் உருளைக்கிழங்கும் துணியில் முடிந்து வேக வைத்துப் பிரசாதமாகத் தருவார்கள். குளிக்க அங்கே தனித் தொட்டி உண்டு. இவை யாத்திரைத் தலங்கள். போவதற்கு முன்பே அரசுப் பதிவு செய்திருக்க வேண்டும், குளிர்காலத்தில் நடை சாத்திவிடுவார்கள். கேதார்நாத் வழியில் கௌரிகுண்டத்தில் இருந்த வெந்நீர்க் குளம் 2013 வெள்ளத்தில் சிதைந்தது. பழைய பயணக் குறிப்பை மட்டும் நம்பிப் போகாதீர்கள். லடாக்கின் பனாமிக், பூகா எல்லாம் அடுத்த கட்டம். பூகா 4,000 மீட்டரைத் தாண்டிய உயரம், முதல் பயணத்தில் வேண்டாம். நம் பிரீபெய்டு சிம் லடாக்கில் வேலை செய்யாது என்பதையும் நினைவில் வையுங்கள்.

எப்போது போவது

புரட்டாசி பாதியிலிருந்து ஐப்பசி முடியும்வரை. நமக்கு இங்கே அடைமழை தொடங்குகிற நேரத்தில் அங்கே மழை விட்டு வானம் கழுவிய தட்டுப்போல இருக்கும். சித்திரை, வைகாசியும் சரிதான், ஆனால் கூட்டம் அள்ளும். ஆடி, ஆவணியில் போகவே வேண்டாம். மலை சரியும், பாலம் போகும். 2023 ஜூலையில் குல்லு பக்கம் ஆறு சாலையையே அள்ளிக்கொண்டு போனது. மார்கழி, தையில் மணிகரணும் வசிஷ்டும் அருமை. கீர்கங்கா பாதையில் பனி கிடக்கும், அது புதியவருக்கு உரியதல்ல.

காலைப் பழக்குவது

தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போனவர் உங்கள் வீட்டில் ஒருவராவது இருப்பார். போய் அவரிடம் உட்காருங்கள். எங்கே கொப்புளம் வரும், எத்தனை நாழிகைக்கு ஒரு தடவை உட்கார வேண்டும், நீர்மோரை எவ்வளவு குடிக்க வேண்டும் என்று அவர் சொல்வதை எந்தப் புத்தகமும் அவ்வளவு சுருக்கமாகச் சொல்லாது. ஒன்றில் மட்டும் அவர் பேச்சைக் கேட்காதீர்கள்: வெறுங்காலோடு போவது.

கணுக்காலை மூடும், அடிப்பாகம் நன்றாகப் பிடிக்கும் ஷூ வாங்குங்கள். சாயங்காலம் கால் சற்று வீங்கியிருக்கும்போது, தடித்த சாக்ஸ் போட்டுப் பார்த்து வாங்க வேண்டும். இறக்கத்தில் விரல் நுனி முன்னால் இடித்தால் இரண்டே நாளில் நகம் கறுத்துவிடும். புதுச் ஷூவோடு ரயில் ஏறக் கூடாது. ஒரு மாதம் முன்பே பழக்குங்கள். காரைக்குடியிலிருந்து குன்றக்குடி வரை விடியற்காலையில் நடந்துபோய், முருகனைப் பார்த்துவிட்டுப் பஸ்ஸில் திரும்பினால் அதுவே நல்ல பயிற்சி. கடைசி இரண்டு வாரம் முதுகுப்பையில் ஐந்தாறு கிலோ அரிசியைப் போட்டுக்கொண்டு நடங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சிங்கம்புணரி பக்கம் பிரான்மலை ஏறி இறங்குங்கள். ஏறும்போது மூச்சு வாங்குவது பெரிதல்ல, இறங்கும்போது முட்டி என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

பையில் என்ன

எட்டுக் கிலோவுக்கு மேல் போகாதீர்கள். பருத்திச் சட்டை நமக்குப் பழகியது. ஆனால் மலையில் அது வேர்வையில் நனைந்தால் காயவே காயாது, உடம்பு சில்லிட்டுப்போகும். நடக்கும்போது சீக்கிரம் உலரும் செயற்கை இழைச் சட்டை, மேலே கம்பளி, அதற்கும் மேலே மழைக்கோட்டு. தலைக்குக் குல்லா அவசியம், ஏன் என்று பின்னால் சொல்கிறேன்.

துண்டு விஷயத்தில் மட்டும் நம் ஊர்ச் சரக்கை மிஞ்ச ஒன்றும் இல்லை. தேங்காய்ப்பூத் துண்டை வீட்டில் வைத்துவிட்டு ஈரிழைத் துண்டு இரண்டு எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கை நீளத்துக்கு மடியும், பைக்கு வெளியே கட்டிவிட்டால் நடக்கும்போதே காய்ந்துவிடும். குளிக்கும் உடுப்பு கறுப்போ கருநீலமோ இருக்கட்டும், வெள்ளை உடுப்பு ஊற்று நீரில் மஞ்சளடித்துப் போகும். பெண்கள் முழங்கால் தாண்டும் பேண்ட்டும் கையுள்ள சட்டையும் எடுத்தால் எந்த ஊற்றிலும் யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ரப்பர்ச் செருப்பு ஒரு ஜோடி. பஸ் வளைவுகளுக்கு உப்பு நார்த்தங்காய். நடக்கும்போது மென்று கொண்டே போகத் தேன்குழலும் சீப்புச்சீடையும். பையில் நொறுங்கினாலும் ருசி போகாது. அதிரசத்தைக் கொண்டுபோய் நான் பட்டது போதும், பை முழுக்க எண்ணெய்.

போகும் வழி

காலையில் பல்லவன் எக்ஸ்பிரஸில் ஏறினால் மதியம் எழும்பூர். அன்று இரவு 10 மணிக்குச் சென்ட்ரலில் தமிழ்நாடு எக்ஸ்பிரஸ். இரண்டு இரவு கழித்துக் காலையில் டெல்லி. டிக்கெட் 60 நாளுக்கு முன்னால் திறக்கும், திறந்த அன்றே எடுங்கள். டெல்லி காஷ்மீரி கேட் பஸ் நிலையத்தில் மாலையில் மணாலி பஸ்கள் கிளம்பும். மணாலி வரை போகாதீர்கள். அதற்கு முன்னால் பூந்தர் என்ற இடத்தில், பார்வதி ஆறு பியாஸில் கலக்கிற இடத்துக்குப் பக்கத்தில் இறங்க வேண்டும். நடத்துநரிடம் ஏறும்போதே சொல்லிவையுங்கள், விடியற்காலைத் தூக்கத்தில் தாண்டிப் போய்விடுவோம். பூந்தரிலிருந்து மணிகரணுக்கு 35 கிலோமீட்டர், உள்ளூர் பஸ் ஓடுகிறது. கையில் ரொக்கம் வைத்துக்கொள்ளுங்கள். மணிகரணுக்கு மேலே ஏடிஎம்மையும் நம்ப முடியாது, சிக்னலையும் நம்ப முடியாது.

மணிகரண்: விளாவாத தண்ணீர்

பஸ்ஸை விட்டு இறங்கியதும் ஆற்றங்கரையில் ஆவி எழும்புவது தெரியும். கீழே பார்வதி ஆறு பனிக்கட்டி உருகிய தண்ணீராக இரைந்து ஓடுகிறது. அதற்கு நாலு அடி தள்ளி பாறையிலிருந்து 90 டிகிரியைத் தாண்டிய நீர் கொப்பளிக்கிறது. சுமார் 1,700 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 94 டிகிரிக்குப் பக்கத்திலேயே கொதித்துவிடும். அதாவது இது சூடான தண்ணீர் இல்லை, கொதிக்கிற தண்ணீர். பார்வதியின் காதுமணி நீரில் விழுந்தது, ஆதிசேஷன் சீறியதில் தண்ணீர் கொதித்தது என்பது தலக்கதை. காசியில் மணிகர்ணிகை பார்த்தவர்களுக்குப் பெயர் பழகியதாக இருக்கும்.

இங்கே சீக்கியர் கோயிலான குருத்வாராவும் சிவன் கோயிலும் ஒட்டி ஒட்டி இருக்கின்றன. ஊற்றுக்குள் அரிசியைத் துணியில் முடிந்து கயிற்றில் இறக்குகிறார்கள். நானும் ஒரு பொட்டலம் வாங்கி இறக்கினேன். இருபது நிமிடம் போல ஆனது. எடுத்துப் பிரித்தால் அரிசி குழையாமல், பொலபொலவென்று, வடித்த சாதம்போல இருந்தது. துணியில் லேசாக ஒரு மண் வாசம். அந்தச் சாதத்தைப் பார்த்த பிறகு அந்தத் தண்ணீரில் விரலை விடத் தோன்றாது. தோன்றினாலும் விடாதீர்கள். வேலி இல்லாத இடத்திலும் ஓரப் பாறையில் ஏறக் கூடாது, வழுக்கும். சுற்றியுள்ள தரைக் கல்லே சுடும். நான் கோயில் என்று செருப்பைக் கழற்றிவிட்டு நாலு அடி நடந்து, ஐந்தாவது அடியை நொண்டிக்கொண்டு வைத்தேன். தடித்த சாக்ஸ் போட்டுக்கொண்டு நடங்கள்.

குளிப்பதற்கு ஆற்று நீர் கலந்து விளாவிய தொட்டிகள் உள்ளே இருக்கின்றன, ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனி. குருத்வாராவில் தலையைத் துணியால் மூட வேண்டும், பீடி சிகரெட் கூடாது. லங்கர் என்கிற அங்கத்திய பொதுச் சாப்பாட்டுக்கூடத்தில் யார் போனாலும் சாப்பாடு, தங்கவும் இடம் தருவார்கள். சாப்பிட்ட தட்டை நாமே கொண்டுபோய்க் கொடுப்பதுதான் மரியாதை. முதல் இரவை இங்கேயே கழியுங்கள், உடம்பு உயரத்துக்குப் பழகும்.

கீர்கங்கா: நடந்து சேரும் ஊற்று

காலையில் முதல் பஸ்ஸில் பர்ஷைனி. அங்கிருந்து நடை. கீர்கங்கா சுமார் 2,950 மீட்டர் உயரம். பழகியவர் நாலு மணி நேரம் என்பார், நீங்கள் ஆறு என்று வைத்துக்கொள்ளுங்கள். வழி இரண்டு. நக்தான் கிராமம் வழியாகப் போவது வெளிச்சமான பாதை, கடைகள் உண்டு, ருத்ரநாக் அருவி நடுவில் வரும். கால்கா வழி அடர்ந்த காடு, தடம் பிரியும். புதியவர் நக்தான் வழியிலேயே போய் அதிலேயே திரும்புங்கள். தனியாக நடக்காதீர்கள். குறுக்குவழி என்று எவர் காட்டினாலும் போகாதீர்கள். இந்தப் பள்ளத்தாக்கில் காணாமல் போனவர்கள் உண்டு. கஞ்சா நீட்டுவார்கள், வேண்டாம் என்றால் விட்டுவிடுவார்கள். மேலே இரவு தங்க அனுமதி உண்டா இல்லையா என்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. பர்ஷைனியிலேயே கேட்டுத் தெரிந்துகொண்டு ஏறுங்கள். தங்க முடியாதென்றால் விடியற்காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் இறங்கிவிட வேண்டும். மாலை நாலு மணிக்கு மேல் மலையில் நிழல் கீழே விழுந்துவிடும்.

கார்த்திகேயன் நெடுங்காலம் தவம் இருந்த இடம் இது என்பது அந்த ஊர்க் கதை. நம் முருகன்தான். என் நாத்தனார் அதைக் கேட்டதும், “குன்றக்குடியிலிருந்து நடக்கத் தொடங்கி இங்கே வந்து சேர்ந்திருக்கோம் அண்ணி” என்றாள். அதுவரை முனகிக்கொண்டு வந்தவள் கடைசி ஏற்றத்தில் எனக்கு முன்னால் போய்விட்டாள்.

மேலே ஊற்று நீர் வாய்க்காலில் வந்து தொட்டியில் விழுகிறது. வரும் வழியிலேயே ஓரளவு ஆறிவிடும். வாய்க்காலில் வெள்ளை நூல்போல இழைகள் அசைந்தால் முகம் சுளிக்க வேண்டாம். இப்படிப்பட்ட நீரில் வளரும் நுண்ணுயிர்கள் அவை, யாரும் போட்ட அழுக்கு இல்லை. எனக்கு இங்கே ஒரு மனக்குறை. ஆண்களுக்குத் திறந்தவெளித் தொட்டி, எதிரே சிகரம். பெண்களுக்கு நாலு பக்கமும் சுவர். மறைவு வேண்டும்தான், ஆனால் மலை தெரிகிற பக்கம் ஒரு ஜன்னல் வைத்திருக்கலாமே! வெளியே வந்து ஈரத் தலையோடு நின்று பார்த்துக்கொண்டேன்.

தொட்டியில் இறங்கும் முறை

ஏறி வந்த வேகத்தில் குதிக்காதீர்கள். ஒரு மணி நேரம் உட்காருங்கள், ஒரு லிட்டர் தண்ணீர் குடியுங்கள், ஏதாவது லேசாகச் சாப்பிடுங்கள். நடையில் வற்றிய உடம்பை வெந்நீரில் வைத்தால் தலை சுற்றும். சாராயம் குடித்துவிட்டு இறங்குவது அதைவிட மோசம்.

பிறகு வெளிக்குழாயில் உடம்பைக் கழுவுங்கள். அந்த வழக்கம் நமக்குப் புதிதல்ல, குடிதண்ணீர் ஊரணியில் யாரும் காலை வைக்க விடமாட்டோம் அல்லவா, அதே ஒழுங்கு. சோப்பு, சீயக்காய், ஷாம்பு எதுவும் தொட்டிக்குள் கூடாது. எண்ணெய் தேய்த்துக்கொண்டு இறங்கவே கூடாது. சனிக்கிழமையாக இருந்தாலும்தான்.

குழந்தையைக் குளிப்பாட்டும்போது முழங்கையை விட்டுப் பார்ப்போமே, அப்படிப் பாருங்கள். விரலுக்குச் சூடு மரத்திருக்கும், முழங்கை பொய் சொல்லாது. 40 டிகிரிக்குச் சற்று முன்பின் இருப்பது சுகம். அதற்கு மேலே போகப்போக நேரத்தைக் குறையுங்கள். நீர் வந்து விழுகிற மூலையில் சூடு கூடுதல், வெளியேறும் மூலையில் குறைவு. புதியவருக்கு வெளியேறும் மூலைதான். முதலில் பாதம், பிறகு முழங்கால், பிறகு இடுப்பு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நிமிடம். பத்து நிமிடத்தில் மேலே வந்து படியில் உட்காருங்கள். வேண்டுமானால் இன்னொரு பத்து நிமிடம். எழும்போது சட்டென்று எழாதீர்கள், ரத்தமெல்லாம் தோலுக்கு ஓடியிருக்கும், கண் இருட்டும்.

தலையை முழுக்காதீர்கள், மூக்கில் நீர் ஏறக் கூடாது. வெதுவெதுப்பான நன்னீரில் வாழும் ஒருவகை அமீபா மூக்கு வழியாகத்தான் மூளைக்குப் போகிறது. கேரளத்துச் செய்திகளில் படித்திருப்பீர்கள். அரிது, ஆனால் வந்தால் பிழைப்பது கடினம். ஊற்று நீரைத் தீர்த்தம் என்று குடிப்பதும் வேண்டாம், பாறையிலிருந்து என்னென்ன கரைந்திருக்கிறதோ. இதய நோய், ரத்த அழுத்தம் உள்ளவர்கள் ஊரிலேயே மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கிளம்ப வேண்டும். கர்ப்பிணிகள் காலை மட்டும் நனைத்துக்கொள்ளலாம். ஆறாத புண் உள்ளவர் இறங்கக் கூடாது. தொட்டியிலிருந்து நேரே ஆற்றில் குதிப்பது சில இளைஞர்களுக்கு வீரமாகத் தெரிகிறது. பார்வதி ஆற்றின் இழுப்பில் நீச்சல் தெரிந்தவர்களும் போயிருக்கிறார்கள்.

படம் எடுக்கும் ஆசையைத் தொட்டிக்கு வெளியே வைத்துக்கொள்ளுங்கள். அது ஊர்க்காரர்கள் சாமி கும்பிட்டுக் குளிக்கிற இடம்.

மேலே வந்ததும் உடனே துவட்டி, கம்பளி போட்டு, குல்லாவை மாட்டுங்கள். பத்து நிமிடத்தில் குளிர் முதுகைப் பிடிக்கும். மறுநாள் இறங்க வேண்டியவர்கள் பாதத்தை அதிகம் ஊறவிடாதீர்கள். ஊறி வெளுத்த தோல் இறக்கத்தில் உரிந்து கொப்புளமாகும். இது யாரும் எனக்கு முன்கூட்டிச் சொல்லாதது, பர்ஷைனிக்கு இறங்கும் வழியில் குதிகால் சொன்னது.

வசிஷ்ட்: கடைசி நாள்

பூந்தருக்குத் திரும்பி மணாலி பஸ் பிடியுங்கள். மணாலியிலிருந்து 3 கிலோமீட்டரில் வசிஷ்ட் கிராமம். கோயிலை ஒட்டி ஆணுக்கும் பெண்ணுக்கும் தனித்தனிக் கல் தொட்டி. வாசலிலேயே பட்டாசுத் திரி கருகிய வாசம் வரும், கந்தகம்தான். விடியற்காலையில் போனால் கூட்டம் இருக்காது, நீரும் தெளிவாக இருக்கும். ஊர்ப் பெண்கள் துணி துவைக்கவும் ஊற்று நீர்க் குழாயையே பயன்படுத்துகிறார்கள். ஒரு அம்மா எனக்குத் தொட்டியில் இடம் விட்டு, “தத்தா, தத்தா” என்று கையை உதறிக் காட்டினார். சூடு என்று அர்த்தம். மெல்ல இறங்கு என்றும்தான்.

இறங்குவதற்கு முன் செய்ய வேண்டிய ஒன்றைச் சொல்ல மறந்துவிட்டேன். வெள்ளி நகையைக் கழற்றி வைக்க வேண்டும். கந்தகம் வெள்ளியோடு சேர்ந்தால் கறுத்துவிடும், தங்கமுலாம் பூசியதும் கெடும். மெட்டியைக் கழற்ற மனமில்லாமல் இறங்கினேன். மேலே வந்து பார்த்தால் இரண்டு காலிலும் அடுப்புக்கரி பூசினதுபோல. வீடு திரும்பிய அன்று அப்பத்தா முதலில் என் முகத்தைப் பார்க்கவில்லை, காலைத்தான் பார்த்தாள். கிண்ணத்தில் அலுமினியத் தாளை விரித்து, மெட்டியை அதன்மேல் படும்படி வைத்து, ஒரு கரண்டி ஆப்பசோடா போட்டு, கொதிக்கிற வெந்நீரை ஊற்றினால் சில நிமிடத்தில் கறுப்பு இறங்கிவிடும். இதற்கு விளாவ வேண்டியதில்லை, அண்டாவிலிருந்து அப்படியே மொண்டு ஊற்றலாம்.